கோபப்படாதே என்று யாருக்குப் பாடம் நடத்துகிறீர்கள்?

கல்லூரிகளில் இப்போது தலைமைப் பண்பு வகுப்புகள் நடக்கின்றன. உணர்வுசார் நுண்ணறிவு, சுய மேலாண்மை, வேலை இலக்கு என்று ஸ்லைடுகள் ஓடுகின்றன. நம் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கிறார்கள். கடைசியில் அவர்கள் கையில் மிஞ்சுவது ஒரே அறிவுரைதான்: "கோபப்படாதே, அனுசரித்துப் போ."

விடுதியில் சேர்ந்த முதல் நாளே "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டுக் கேட்டுச் சாதியைத் தோண்டி எடுக்கிறவனுக்கு இந்த வகுப்பு உண்டா? "கோட்டாவில் வந்தவன்தானே" என்று சிரிக்கிறவனுக்கு? 1995இல் இந்தக் கருத்தைப் பரவலாக்கிய டேனியல் கோல்மனின் நூல் ஐந்து திறன்களைப் பேசுகிறது: தன் உணர்வை அறிதல், அதை ஆளுதல், தன்னைத் தானே ஊக்குவித்தல், பிறர் உணர்வை அறிதல், உறவைப் பேணுதல். நமக்கு இரண்டாவதை மட்டும் நடத்துகிறார்கள். நான்காவதை யாருக்கு நடத்த வேண்டுமோ, அவர்களுக்கு நடத்துவதே இல்லை.

தன்னை ஆளுதல் நமக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொள்ள நமக்கு மகத் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் அங்குள்ள சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அடுத்து கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து தாக்கினார்கள். திருப்பி அடிக்க நம்மிடமும் ஆட்கள் இருந்தார்கள். தலைவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அம்பேத்கர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "மறந்துவிடுங்கள்" என்றும் சொல்லவில்லை.

டிசம்பரில் அதே ஊருக்குத் திரும்பி வந்தார். 25ஆம் தேதி மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்துக்குப் போக நீதிமன்றத் தடை இருந்தது. போயே தீருவோம் என்று நின்ற ஆயிரக்கணக்கானோரைப் பேசி நிறுத்தினார். வழக்கை நடத்தினார். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

பத்து ஆண்டுகள்! கோபம் ஆறிப்போன மனிதரால் பத்து ஆண்டுகள் வழக்கு நடத்த முடியுமா? கோபத்தை விழுங்கச் சொல்வது அடிமைப் பாடம். அதைச் சிந்தாமல் காத்து, வேண்டிய இடத்தில் செலவழிப்பதே தலைமை.

வேலைக்குப் போவதையும் நாம் குறை சொல்லவில்லை. முதல் பட்டதாரியின் முதல் சம்பளத்தில்தான் பல வீடுகளில் கடன் அடைகிறது. ஆனால் 1956இல் ஆக்ராவில் அம்பேத்கர் எதற்காக மனம் நொந்தார் என்பதை மறக்கக் கூடாது. படித்து மேலே வந்தவர்கள் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்காக. நாற்காலி கிடைத்ததும் நம் கோபமும் ஓய்வு பெற்றுவிட்டால், அந்த வேலையால் சேரிக்கு என்ன பயன்?

தோழர்களே, அடுத்த முறை அவமானப்படுத்தப்படும்போது அங்கேயே வெடிக்கவும் வேண்டாம், அறைக்குள் போய்த் தனியாக அழவும் வேண்டாம். தேதி, இடம், சொன்னவர், கேட்டவர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது நான்கு பேராகப் போங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படியுங்கள். நம் சுய மேலாண்மை வகுப்பு இதுதான்.