மதிப்பெண் இடும் கை

ஓர் ஊழியரின் ஓராண்டு உழைப்பை ஓர் எண்ணாகச் சுருக்கிவிட்டால் அது நடுநிலையான அளவையாகிவிடும் என்று நம் அலுவலகங்கள் நம்புகின்றன. அது வெறும் நம்பிக்கையே என்கிறோம் நாம். முழக்கோல் யார் கையில் இருந்தாலும் அதன் நீளம் மாறுவதில்லை; மதிப்பெண்ணோ இடும் கைக்கேற்ப நீள்கிறது, குறுகுகிறது. சுமார் 4,500 மேலாளர்களைப் பற்றிய மதிப்பீடுகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அவற்றில் காணப்பட்ட வேறுபாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை மதிப்பிட்டவரின் தனிப்போக்கால் விளைந்தவை என்று கண்டது.

இதன் கொடுமையை அறிய, எல்லைச் சாலைகள் பொறியியல் பணியைச் சார்ந்த ஒரு பொறியாளரின் வழக்கை நோக்குவோம். பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டுகளின் மந்தண அறிக்கைகளிலும் ‘மிக நன்று’ என்றிருத்தல் வேண்டும். அவருக்கு நான்கு ஆண்டுகளில் அவ்வாறே இருந்தது. 1993-94-இல் மட்டும் ‘நன்று’. அந்த ஒரு சொல் அவரது உயர்வைத் தடுத்தது. அச்சொல் எழுதப்பட்டதை அவருக்கு எவரும் தெரிவிக்கவில்லை. ‘நன்று’ என்பது பாராட்டுத்தானே, அதை ஏன் தெரிவிக்க வேண்டும் என்று வாதிட்டது அரசு! 2008-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளி, எந்தக் குறிப்பாயினும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் பணி ஓய்வே பெற்றுவிட்டார்.

அடுத்த ஆண்டே மத்திய அரசு முறையை மாற்றியது. அறிக்கை முழுவதையும் ஊழியரிடம் காட்ட வேண்டும். அவர் பதினைந்து நாள்களுக்குள் முறையிடலாம். நல்லதே. ஆனால் சொற்களின் இடத்தில் ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் வந்து அமர்ந்தன. செய்த பணிக்கு 40 விழுக்காடு, தனிப்பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30. தனிப்பண்புகளின் பட்டியலில் ‘தோரணையும் ஆளுமையும்’ என்றோர் இனம் உண்டு. ஒருவரின் தோரணைக்கு ஆறா ஏழா என்று எந்தத் தராசு சொல்லும்? உள்ளத்தில் முன்பே எழுந்துவிட்ட விருப்புக்கோ வெறுப்புக்கோ இலக்க உடை உடுத்துவதன்றி இது வேறென்ன?

இதனினும் நுண்ணிய தவறொன்று இவ்விதிகளில் உண்டு. ஒன்று, இரண்டு அல்லது ஒன்பது, பத்து என மதிப்பிட்டால் அதற்கான குறிப்பிட்ட நிகழ்வுகளைச் சுட்டிக் காரணம் எழுத வேண்டும். நடுவிலுள்ள எண்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் ஆறு பெற்றால் ‘மிக நன்று’. ஆறுக்கு இம்மி குறைந்தால் ‘நன்று’. பதவி உயர்வுக்கான கணக்கில் முன்னது ஏழாகவும் பின்னது ஐந்தாகவும் கொள்ளப்படும். அப்பொறியாளரின் வாழ்வு திசைமாறியது சரியாக இந்த எல்லைக்கோட்டில்தான். காரணம் கேட்கப்பட வேண்டிய இடத்தில்தான் காரணம் கேட்கப்படவில்லை.

தனியார் நிறுவனங்களின் நிலையோ இன்னும் மோசம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் புகழ் பெறச் செய்த முறையில் ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டினர் கடைநிலையினராகக் காட்டப்பட்டாக வேண்டும். பத்துப் பேரும் திறமையாக உழைத்திருந்தால்? அப்போதும் ஒருவர் கடையர்தாம். இத்தகைய முறையை மைக்ரோசாப்ட் 2013-இல் கைவிட்டது. ஆயினும் ‘மணிவளைவு’ என்ற பெயரில் அதனிடம் அடிபட்டுத் துவண்ட பிள்ளைகளை நம் பங்குக் குடும்பங்களும் அறியும்.

யாரேனும் ஒருவர் தீர்ப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்பர். ஆம், தீர்ப்பிடட்டும். நீதிபதியும் மனிதரே, ஆனால் அவர் காரணங்களை எழுதிக் கையொப்பமிடுகிறார், மேல்முறையீட்டுக்கு உட்படுகிறார். மேலதிகாரிக்கு மட்டும் ஏன் இந்த விலக்கு?

இவ்விதழை வாசிப்போருள் தலைமையாசிரியர்களும் மேலாளர்களும், நம் பள்ளிகளின் தாளாளர்களான குருக்களும் உளர். அவர்களிடம் நாம் வேண்டுவது இது: அடுத்த அறிக்கையில் ஒருவருக்கு ஐந்து என்று எழுதும்போது, அந்த ஆண்டில் நீங்கள் கண்ணாரக் கண்ட எச்செயலால் அது ஆறாகவில்லை என்பதை அதனருகே எழுதுங்கள். அதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவ்வாறு எழுத ஒன்றும் கிட்டவில்லையாயின், அந்த எண்ணை அடித்துவிடுங்கள்.