‘நாளை’ என்றால் எந்த ஊர் நாளை?

போன ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா மகன் வீட்டில் நடந்தது இது. குறுவை அறுத்து நெல்லைக் களத்தில் குவித்து வைத்திருந்தான். மறுநாள் கொள்முதல் நிலையத்தில் அவன் முறை. சாயங்காலம் போனை எடுத்து, “நாளைக்கு மழை உண்டா?” என்று கேட்டிருக்கிறான். சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் அவன் மகன் அமைத்துக் கொடுத்த ஏஐ உதவியாளர் அது. “நாளை மழை இல்லை” என்று நல்ல தமிழில் பதில் வந்தது. தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். விடிகாலை மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது.

17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை வாங்க விதியில் இடமில்லை. மூன்று நாள் சாலையில் கொட்டிக் கிளறிக் காயவைத்தான். ஆள் கூலி தனி.

தீபாவளிக்கு வந்த பையனைப் பிடித்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் கணினியை நோண்டிவிட்டுச் சொன்னான்: “டேட்டா சரியாத்தான் வந்திருக்கு பெரியப்பா. ஆனா தேதி எல்லாம் கிரீன்விச் நேரத்துல இருக்கு. ஏஐ அதை யோசிச்சிருக்கணும்.”

கிரீன்விச் நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அந்தக் கணக்கில் ஒரு நாள் என்பது நமக்குக் காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை. ஆக, விடிகாலை மூன்று மணி மழை ‘இன்று’ என்ற கட்டத்தில் ஏறிவிட்டது. ‘நாளை’ கட்டம் காலியாக இருந்தது. இயந்திரம் அதைப் பார்த்து உள்ளபடி சொன்னது. நெல் நனைந்தது.

‘ஏஐ யோசிச்சிருக்கணும்’ என்ற அந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏஐக்கு வானிலை தெரியாது. நாம் கேட்டதும் அது ஒரு கருவியை அழைக்கிறது. கருவி எங்கோ இருக்கும் கணினியிலிருந்து எண்களை வாங்கித் தருகிறது. அந்தக் கருவி எதற்கு, என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்ப வரும் என்று மனிதன் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறான். கருவியைப் பற்றி ஏஐ படிப்பது அந்தக் குறிப்பைத்தான். பையன் எழுதியிருந்த குறிப்பு ஒரே வரி: “ஊர் பெயர் கொடுத்தால் வானிலை தரும்.” இதை வைத்துக்கொண்டு எதை யோசிப்பது?

நான் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மழைமானி பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். முந்தின நாள் எட்டரையிலிருந்து பெய்த மழையை அளந்த தேதியில் எழுத வேண்டும். மில்லிமீட்டரில் எழுத வேண்டும். மழை இல்லையென்றால் பூஜ்யம். அளக்கவில்லையென்றால் அளக்கவில்லை என்று எழுத வேண்டும். ஒருநாள் அளக்க மறந்து பூஜ்யம் போட்டேன். தலைமை எழுத்தர் விட்ட டோஸ் இன்னும் காதில் கேட்கிறது. பெய்யவில்லை என்பதும் தெரியவில்லை என்பதும் ஒன்றா?

2015 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 2 காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று பதிவானது. பேரேட்டில் தேதி இரண்டு. ஆனால் நாம் நனைந்தது பெரும்பாலும் ஒன்றாம் தேதி. ‘நாள்’ என்றால் எதிலிருந்து எதுவரை என்று தெரியாதவனுக்கு அந்த எண் தப்பர்த்தம்தான் கொடுக்கும்.

அலகு விஷயமும் அப்படியே. 1999-இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலம் தொலைந்துபோனது. ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை மறுதரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. அவர்கள் படிக்காதவர்களா?

ஊர் பெயர் இன்னொரு வம்பு. ‘சேலம்’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத் தலைநகரும் அதே எழுத்துகளில்தான் இருக்கிறது.

“நீளமா எழுதினா ஒவ்வொரு தடவையும் ஏஐ அதைப் படிக்கணும், செலவாகும் பெரியப்பா” என்றான். நான் புராணம் எழுதச் சொல்லவில்லை. ஐந்தே வரி. எந்த ஊர், எந்த மாநிலம், எந்த நாடு? எந்த நேரக் கணக்கு? என்ன அலகு? அளந்த மழையா, கணித்த மழையா? தகவல் கிடைக்காவிட்டால் என்ன வரும், அப்போது ‘மழை இல்லை’ என்று சொல்லாமல் ‘தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த ஐந்து வரிக்கு ஆகும் செலவு பெரிதா, மூன்று நாள் கூலி பெரிதா?

புது ஆளை ஆபீசில் உட்காரவைத்தால் பேரேட்டை எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தோம். சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டு அவன் தப்பு செய்ததும் ‘புத்திசாலி என்று நினைத்தேனே’ என்றால், குறை யாருடையது? இயந்திரம் புத்திசாலி என்பது நாம் சோம்பேறியாக இருக்க அனுமதிச் சீட்டு அல்ல.

பையன் ரோஷக்காரன். அன்று ராத்திரியே உட்கார்ந்து திருத்தி எழுதினான். இப்போது அது “நாளை என்றால் இந்திய நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, இது கணிப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் பதில் தருகிறது.

நம் வயதுக்காரர்களும் இப்போது போனைத்தான் கேட்கிறோம். மழை உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் சொன்ன கணக்கு என்றும் கேளுங்கள். பதில் வரும் வரை தார்ப்பாயை மடிக்க வேண்டாம்.