பரிசுக் கூண்டில் ஒரு கோழி



உங்கள் வீட்டு உம்மும்மாவிடம் ஒரு கோழியைக் காட்டி, "இது நல்ல கோழியா?" என்று கேட்டுப் பாருங்கள். "நாள் தவறாமல் முட்டை இடுமா? ஒழுங்காக அடை கிடக்குமா? குஞ்சுகளைப் பருந்துக்குப் பறிகொடுக்காமல் காக்குமா?" என்று அவர் உங்களிடமே திருப்பிக் கேட்பார். கோழியை அளக்க அவரிடம் உள்ள அளவுகோல் அது.

இங்கிலாந்தில் கோழிக் கண்காட்சி நடைபெறும் மண்டபமொன்றினுள் நுழைந்தால் வேறோர் அளவுகோலைக் காண்பீர்கள். வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் சவர்க்காரம் இட்டுக் குளிப்பாட்டி, கால் விரல்களைக்கூடத் தேய்த்துக் கழுவிய ஒரு கோழி. வெள்ளை மேலங்கி அணிந்த நடுவர் கையில் சிறு கோலுடன் வந்து, கொண்டையைப் பார்க்கிறார். செட்டையை விரித்துப் பார்க்கிறார். மார்பைத் தடவிப் பார்க்கிறார். அது ஆண்டுக்கு எத்தனை முட்டை இடும் என்பதை அறிய அந்தக் கூண்டில் அவருக்கு வழியே இல்லை.

இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் இடையில் அகப்பட்டு உருமாறிப்போன ஓர் இனம் உண்டு. ஓர்பிங்டன் என்பது அதன் பெயர். அதன் கதையில் கோழி வளர்க்காதவர்களுக்கும் ஒரு பாடம் இருப்பதால் இம்மாதம் அதனை எடுத்துக்கொண்டோம்.

வண்டியோட்டியின் கோழி

வில்லியம் குக் என்பவர் 1849 ஆம் ஆண்டு பிறந்தவர். குதிரை வண்டியோட்டியாகத் தொழிலைத் தொடங்கி, பின்னர் கோழி வளர்ப்பில் இறங்கினார். இலண்டனுக்கு அருகே கெண்ட் மாவட்டத்திலிருந்த ஓர்பிங்டன் என்ற ஊரில் அவர் உருவாக்கிய புதிய இனம் 1886 ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்கு வந்தது. ஊரின் பெயரே கோழிக்கும் பெயராயிற்று.

குக் வேண்டியது சாதாரணக் குடும்பத்துக்கு உதவும் கோழி. முட்டையும் நிறைய இட வேண்டும், இறைச்சியும் வேண்டும், தோலும் ஆங்கிலேயர் விரும்பிய வெள்ளை நிறத்தில் இருக்க வேண்டும். ஆகவே, பெரிய முட்டை இடும் மினோர்க்கா சேவல்களைக் கறுப்பு நிறப் பிளிமத் ரொக் பேடுகளுடன் சேர்த்தார். அவற்றின் பேட்டுக் குஞ்சுகள் வளர்ந்ததும், கபில நிற முட்டைக்குப் பேர்போன சீன நாட்டு லாங்ஷான் இனத்தில் கால் இறகில்லாத சேவல்களுடன் சேர்த்தார். பிறந்தது கன்னங்கரிய கோழி. அக்காலத்து இலண்டன் நிலக்கரிப் புகையால் நிறைந்திருந்தது. கறுப்பு இறகில் கரி படிந்தாலும் தெரியாது என்பதும் அந்த நிறத்தைத் தெரிந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது.

1894 ஆம் ஆண்டு குக் பொன்னிற ஓர்பிங்டனையும் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பலரின் மனதைக் கவர்வது இந்தப் பொன்னிறக் கோழியே. இங்கிலாந்தின் தாய் மகாராணி எலிசபெத்தும் இதனை வளர்த்தவர்தான்.

நடுவரின் கோல்

குக்கின் கோழி பிறந்து ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1891 ஆம் ஆண்டளவில் ஜோசப் பார்ட்டிங்டன் என்ற இன்னொரு வளர்ப்பாளர் தம்முடைய கறுப்பு ஓர்பிங்டன்களைக் கண்காட்சிக்குக் கொண்டு வந்தார். கொச்சின், லாங்ஷான் இனங்களின் இரத்தம் ஓடிய அக்கோழிகள் குக்கின் கோழிகளைவிடப் பருத்தவை. இறகுகள் தளர்ந்து பொங்கி, கால்களையும் மறைத்துப் பந்துபோல நின்றன. நடுவர்கள் சொக்கிப்போனார்கள். பரிசுகள் அந்தப் பக்கம் போயின.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். பரிசு பெற்ற கோழியின் குஞ்சுக்குத்தானே நல்ல விலை? எல்லோரும் அந்த உருவத்தையே தேடினார்கள். தலைமுறை தலைமுறையாக இறகு கூடியது, முட்டை குறைந்தது. எவருமே முட்டை குறைய வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் எண்ணிப் பார்ப்பவர் இல்லாதபோது அது தானாகவே குறைந்துவிட்டது.

கடல் கடந்த சகோதரி

இதே கறுப்பு ஓர்பிங்டன் கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கும் போயிற்று. அங்கிருந்த வளர்ப்பாளர்கள் முட்டையிடும் போட்டிகளை நடத்தினார்கள். ஒவ்வொரு நாளும் முட்டையை எண்ணி ஏட்டில் எழுதினார்கள். கூட இடும் கோழியே அடுத்த தலைமுறைக்குத் தாயாயிற்று. 1922-23 ஆம் ஆண்டுப் போட்டியில் ஆறு கோழிகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன. ஒரு கோழிக்குச் சராசரி 309.5 முட்டைகள்! அன்று அது உலக சாதனை. அந்த இனமே பின்னர் ஒஸ்ட்ரலோர்ப் என்ற தனிப்பெயர் பெற்றது.

பாருங்கள்! ஒரே கோழி. ஒரு நாட்டில் இறகுக்குப் பரிசு, இன்னொரு நாட்டில் முட்டைக்குப் பரிசு. சில பத்து ஆண்டுகளில் இரண்டு வேறு இனங்கள்.

வளர்ப்போர் அறிய வேண்டியவை

அப்படியானால் ஓர்பிங்டன் வளர்ப்பது வீண் வேலையா? இல்லை. இவ்வளவு சாந்தமான கோழி அரிது. சிறுபிள்ளை தூக்கி மடியில் வைத்தாலும் இருக்கும். நல்ல அடைக்கோழி, அன்பான தாய். ஆனால் அதன் பருத்த உடம்புக்கும் அடர்ந்த இறகுக்கும் தனிக் கவனம் தேவை.

கூட்டினுள் இது ஏறி இருக்கும் மரச்சட்டம் தரைக்கு அண்மையில் இருக்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்காலில் காயம் பட்டு, சீழ் வைத்து வீங்கிவிடும். தரை ஈரமாகவோ சேறாகவோ இருந்தால் இறகு கெடும். பேனும் செள்ளும் அடர்ந்த இறகினுள் ஒளிந்துகொள்ளும். ஆகவே வாரம் ஒருமுறை மலவாய்ப் பகுதியிலும் செட்டைக்குக் கீழும் இறகை விலக்கிப் பாருங்கள். சேவலும் பேடும் சேரும் காலத்தில் அவ்விடத்து இறகைச் சிறிது கத்தரித்துவிட வேண்டும். இன்றேல் முட்டைகள் கருக்கொள்ளாமல் போகலாம். சுறுசுறுப்பான சண்டைக்கார இனங்களோடு இதனை ஒன்றாக விட்டால் பாவம், இதுதான் கொத்து வாங்கும். குளிருக்கென அமைந்த உடம்பு என்பதால், வெப்பமான ஊர்களில் நாள் முழுவதும் நிழலும் குளிர்ந்த நீரும் இல்லாமல் இதனை வளர்க்கக் கூடாது.

நிறம் பற்றியும் ஒரு சொல். நீலச் சேவலையும் நீலப் பேட்டையும் சேர்த்தால் குஞ்சுகள் யாவும் நீலமாக இரா. ஏறத்தாழ அரைவாசி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி வெண்மையில் நீலத் திட்டுகள் கொண்டவை. இது வளர்ப்பவரின் பிழையன்று, பரம்பரையின் கணக்கு.

கண்காட்சிக்கு முன்னர்

போட்டிக்கென்று கோழியைத் தெரிவு செய்வோர் முதலில் காலைப் பார்ப்பார்கள். காலில் ஓர் இறகு முளைத்திருந்தாலும் தள்ளுபடி. விரல்கள் நான்காகவே இருக்க வேண்டும். பொன்னிறத்தின் மூதாதையரில் கொச்சினுக்குக் காலில் இறகு உண்டு. டோர்கிங் இனத்துக்கு ஐந்து விரல்கள். அந்தப் பழைய இரத்தம் எப்போதாவது தலைகாட்டிவிடும். கொண்டை ஒற்றையாக, பக்கக் கிளை இல்லாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அமெரிக்க நியமத்தின்படி முழு வளர்ச்சி பெற்ற சேவலின் எடை 10 இறாத்தல், பேட்டின் எடை 8 இறாத்தல். பொன்னிறக் கோழியை வெயிலில் அலையவிட்டால் நிறம் வெளிறிப்போகும் என்பதால் அதனை நிழலில் வைத்தே வளர்ப்பார்கள்.

கண்காட்சிக்குச் சில வாரங்களுக்கு முன்பே கோழியைக் கூண்டுக்குப் பழக்க வேண்டும். தினமும் சிறிது நேரம் கூண்டில் வைத்து, கையால் தொட்டு, கோலால் மெல்லத் தடவிப் பழக்கினால், அன்றைய தினம் வெருளாது நிற்கும். குளிப்பாட்டுவது சில நாட்களுக்கு முன்னரே நடக்க வேண்டும்; இறகின் இயற்கை எண்ணெய் திரும்பவும் ஊறி வர நாள் எடுக்கும். மூன்று பேசன்களில் இளஞ்சூடான நீர் வையுங்கள். முதலாவதில் மென்மையான சவர்க்காரம். இறகு போகும் திசையிலேயே கழுவுங்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நன்றாக அலசுங்கள். துவாயால் ஒற்றி, காற்று வீசாத சூடான அறையில் முற்றாக உலர விடுங்கள். கால்களைப் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, கொண்டைக்குத் துளி வாஸ்லின் தடவினால் வேலை முடிந்தது. சாயம் பூசுவதும், இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும் மோசடி. கண்டுபிடித்தால் கோழி வெளியே.

வீடு திரும்பிய கோழியை உடனே மற்றக் கோழிகளுடன் விடாதீர்கள். இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். பல ஊர்க் கோழிகள் கூடிய இடத்திலிருந்து நோய் வரலாம். பறவைக் காய்ச்சல் பரவியதால் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவில் கோழிகளை ஓரிடத்தில் கூட்டுவதே தடைசெய்யப்பட்டது. 2024 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் அரசாங்கப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும்.

பரிசு எதற்கு?

கண்காட்சியைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பெரும் பண்ணைகள் கலப்பினக் கோழிகளுக்கு மாறியபோது, பழைய இனங்களை வீட்டுப் பின்வளவுகளில் காத்து வந்தவர்கள் இந்தக் கண்காட்சிக்காரர்களே. அவர்கள் இல்லாவிட்டால் குக்கின் கோழி படத்தில் மட்டும் இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று செய்யலாம். நீங்கள் எந்த இனத்தை வளர்த்தாலும் கூட்டின் கதவில் ஒரு கொப்பித்தாளைத் தொங்கவிடுங்கள். எந்தக் கோழி எந்த நாள் முட்டை இட்டது என்று குறித்து வையுங்கள். அடுத்த அடைக்கு முட்டை எடுக்கும்போது கண்ணுக்கு அழகானதை மட்டும் பாராமல், அந்தத் தாளையும் பாருங்கள். குஞ்சு வாங்கப் போனால் தாய்க்கோழி எத்தனை முட்டை இட்டது என்று கேளுங்கள். அழகும் பயனும் ஒன்றோடொன்று பகையல்ல. ஒன்றை மறந்து மற்றதை மட்டும் அளக்கும்போதுதான் இழப்பு வருகிறது.

கோழிக் கூட்டை மூடிவிட்டு வீட்டினுள் வரும்போது இதையும் சற்று யோசியுங்கள். பிள்ளை முதல் மாணவனாக வந்த அன்று வீடே விழாக்கோலம் பூணுகிறது. அதே பிள்ளை, சுகமில்லாத உம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த அன்று அவனை யாராவது கவனித்தோமா? எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அது வளரும். எதனை எண்ணாமல் விடுகிறோமோ, அது நமக்குத் தெரியாமலே குறையும்.