சூளை பார்க்காத பீங்கான்

வேளச்சேரிப் பக்கம் நான் தினமும் போகிற சாலையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் இருக்கிறது. ஆறு வருடமாக அதே வாசகம்: ‘9எச் செராமிக் கோட்டிங். வைரத்துக்கு அடுத்த உறுதி. ஒருமுறை போடுங்க, அஞ்சு வருஷம் மறந்துடுங்க.’ வாசகம் மாறவில்லையே தவிர, பேனர் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. வெயிலில் வெளுத்து, அதிலிருக்கும் சிவப்புக் கார் ரோஸ் கலருக்கு வந்ததும் புதிதாக ஒன்று கட்டிவிடுகிறார்கள்.

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பேனரோடு மனதுக்குள் சண்டை போட்டு வந்தேன். போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒருவர் அதே வாசகத்தைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பு போலப் போட்டு, ‘இது சயின்ஸ்’ என்றும் சேர்த்திருந்தார். சரி, சயின்ஸே பேசுவோம்.

முதலில் ஒரு வாக்குமூலம். 2021இல் புதுக் கார் எடுத்தபோது நானும் 28,000 ரூபாய் கட்டி இதைப் போட்டுக்கொண்டவன்தான். என் எரிச்சலுக்கு ரசீது உண்டு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். செராமிக் என்றால் பீங்கான். களிமண்ணைப் பிசைந்து, வனைந்து, ஆயிரம் டிகிரிக்குமேல் சூளையில் சுட்டு எடுப்பது. விருத்தாசலத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது, மேலே பழுப்பு, கீழே வெள்ளை. ஐம்பது வருடம் உப்பும் புளிப்பும் மிளகாயும் ஊறியும் அதன் உட்புறப் பளபளப்பு அப்படியே இருக்கிறது. அதைச் செராமிக் என்று சொன்னால் தகும். காருக்குப் பூசுவது சுண்டுவிரல் உயரக் குப்பியில் வருகிற ஒரு திரவம். சிலிக்கான் கலந்த பிசினும் அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானும்தான் அதில் இருப்பவை. நாலு சொட்டுப் பஞ்சில் விட்டுத் தேய்க்கிறார்கள், கரைப்பான் ஆவியானதும் துணியால் துடைத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல இறுகுகிறது. சில கடைகளில் அகச்சிவப்பு விளக்குக் காட்டுவதுண்டு. அதில் ஒரு இட்லிகூட வேகாது. துடைத்தபின் மிஞ்சுகிற படலத்தின் கனம் ஒன்றோ இரண்டோ மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான்.

பெயரை விட்டுவிடலாம், கூவி விற்கிறவர்கள் எதையும் எப்படியும் கூப்பிடட்டும். என்னால் விட முடியாதது அந்த ஒன்பது.

ஒன்பது என்றதும் கேட்பவர் மனதில் என்ன ஓடும் என்று விற்பவருக்குத் தெரியும். கடினத்தன்மைக்கு நாம் பள்ளியில் படித்த அளவுகோல் ஒன்று உண்டு, 1812இல் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்தது. அதில் டால்க் 1, வைரம் 10. ஒன்பதாம் இடத்தில் கொரண்டம், அதாவது நம் மாணிக்கமும் நீலமும். ஆகவே ‘ஒன்பது’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், மிச்சக் கணக்கை வாடிக்கையாளரே போட்டுக்கொள்வார். நம் பேனர்காரருக்கு அந்தப் பொறுமைகூட இல்லை, வைரத்தை அச்சடித்தே மாட்டிவிட்டார்.

அந்த 9எச் மோஸ் அளவுகோலைச் சேர்ந்தது அல்ல. அது பென்சில். இன்ஜினியரிங் டிராயிங் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எச்பி, 2எச், 4எச் என்று வாங்கி வரச் சொல்வார்களே, அதே பென்சில். பெயின்ட் சோதனைக்கூடங்களில் ஐ.எஸ்.ஓ. 15184 என்றொரு முறை இருக்கிறது. பென்சில் முனையை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடையை மேலே ஏற்றிப் பெயின்ட்மீது தள்ளுவார்கள். தடம் விழாமல் போன பென்சில்களிலேயே கெட்டியானது எதுவோ, அதன் எண்தான் அந்தப் பெயின்டுக்கும். வரிசை 9பியில் தொடங்கி 9எச்சில் முடிகிறது. ஆக 9எச் என்று சான்றிதழ் வாங்கினால், டப்பாவில் இருந்த கடைசிப் பென்சிலும் இதைக் கீறவில்லை என்று அர்த்தம். அவ்வளவே. (இப்போது ‘10எச்’ என்றும் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். புதுப் பென்சில் டப்பா வாங்கியிருப்பார்கள் போல.)

பென்சில் முனை எதனால் ஆனது? கிராஃபைட்டும் களிமண்ணும். 1795இல் பிரான்ஸில் நிக்கோலா ஜாக் கோந்தே என்பவர் இரண்டையும் பிசைந்து சூளையில் சுட்டு எடுத்தார், இன்றைக்கும் அடிப்படை அதுதான். களிமண் கூடக்கூட எச்சும் கூடும். களிமண், சூளை என்று இரண்டும் இருக்கின்றன, கவனித்தீர்களா? இந்த விவகாரத்தில் செராமிக் என்ற பெயருக்கு உரிமை கோரத்தக்க ஒரே ஆள் அந்தப் பென்சில்தான்.

இன்னொரு கேள்வியையும் கடைக்காரர்கள் யாரும் விரும்புவதில்லை. சோதனை செய்தபோது இந்தப் படலத்துக்கு அடியில் என்ன இருந்தது? கண்ணாடித் துண்டில் பூசிச் சோதிப்பது ஒன்று, காரின்மேல் பூசிச் சோதிப்பது இன்னொன்று. காரில் இதற்கு அடியில் 40, 50 மைக்ரானுக்குக் கிளியர் கோட் இருக்கிறது, அது அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுக்கிற பிளாஸ்டிக் சாதி. அப்பளத்தைக் கருங்கல்மேல் வைத்து விரலால் அழுத்துங்கள், தாங்கும். மெத்தைமேல் வைத்து அழுத்துங்கள்.

காரைக் கீறுவது எது என்ற கேள்வியும் இருக்கிறது. என் காரின் பானெட்டில் யாரும் இதுவரை டிராயிங் போட்டதில்லை. கீறுவது ரோட்டுத் தூசி. தூசியில் மணல், மணலில் குவார்ட்ஸ், குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. கெட்டியான பென்சிலும் அதன் கிட்டே நிற்க முடியாது. மணலைத் துணிக்கு அடியில் வைத்துத் தேய்த்துவிட்டு, பென்சில் சான்றிதழைக் காட்டி என்ன பயன்?

இதை நேரிலேயே கேட்டுவிடுவது என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். பாரிமுனையில் ஒரு 9எச் பென்சில் வாங்கினேன். திருவான்மியூர் கடற்கரையில் ஒரு பிடி மணல் அள்ளி, மாத்திரை மடிக்கிற மாதிரி காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் போனது வேறொரு ஸ்டுடியோ. (மெக்கானிக் ஷெட் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.) உள்ளே ஏ.சி., கூரையில் தேன்கூடு மாதிரி வெள்ளை விளக்குகள். நடுவில் ஸ்டாண்டில் ஒரு கறுப்புப் பானெட். கறுப்பு டிஷர்ட் போட்ட பையன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். பென்சிலைக் காட்டினேன். “தாராளமா கீறிப் பாருங்க சார்” என்று அவனே என் கையைப் பிடித்து அழுத்தினான். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, துணியால் துடைத்ததும் போய்விட்டது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் பொட்டலத்தைப் பிரித்தேன்.

“அது எதுக்கு சார்?”

“ரோட்டுல கிடக்கறதுதானே தம்பி. லேசா தூவி, உன் துணியாலேயே ஒரு தேய் தேய்.”

பையன் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். முதலாளி போனை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், டெமோ பீஸ் வீணாயிடும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை யாராவது ஃபிளெக்ஸ் அடித்து மாட்டட்டும், நான் இன்றே சண்டையை நிறுத்திக்கொள்கிறேன்.

மற்ற வித்தைகளுக்கு இத்தனை பாடு வேண்டாம். பானெட்டில் லைட்டர் காட்டுவார்கள். தொழிற்சாலையில் பெயின்ட் 140 டிகிரி வாக்கில் அடுப்பில் இருந்து வந்ததுதான், கோட்டிங் இல்லாத காரிலும் இரண்டு விநாடித் தீ ஒன்றும் செய்யாது. மார்க்கர் பேனாவால் எழுதித் துடைப்பார்கள். உங்கள் காரில் யாராவது மார்க்கரால் எழுதினால் சொல்லுங்கள், பேசுவோம். லாரி தெறிக்கவிடும் கல்லைத் தடுக்குமாம். அதற்கு 150, 200 மைக்ரான் பிலிம் ஒட்டுவதை அதே கடையில் இதைப்போல் பல மடங்கு விலைக்கு விற்கிறார்களே, ஏன்? கடற்கரைக் காற்றில் துரு பிடிக்காதாம். துரு வருவது வீல் ஆர்ச்சுக்குள்ளிருந்தும் கதவின் அடி மடிப்பிலிருந்தும், அங்கே யாரும் பஞ்சை விட்டுத் தேய்ப்பதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்குமாம். சிலிக்கா என்றே விற்கிறீர்கள், நல்லது. தூய சிலிக்கா அந்தக் கதிரை உள்ளே விடும். அதனால்தான் புற ஊதா விளக்குகளின் குழாயைக் குவார்ட்ஸில் செய்கிறார்கள். வெயிலைத் தாங்குகிற சரக்கைக் கார் கம்பெனிக்காரனே கிளியர் கோட்டில் கலந்து அனுப்பிவிட்டான்.

கழுவுவது கொஞ்சம் சுலபம், காக்கை எச்சம் கொஞ்சம் லேசாக வரும். ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர் விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும், அதில் நான் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன். ‘தாமரை இலைத் தண்ணி மாதிரி ஓடிடும் சார்’ என்றுதான் எனக்கும் விற்றார்கள். தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து விளக்கினார், 1997இல் வந்த அவருடைய கட்டுரை பெயர்பெற்றது. இலை வழுவழுப்பாக இருப்பதால் அல்ல. அதன்மேல் மைக்ரான் அளவில் மேடு மேடாக இருக்கிறது, மேட்டின்மேல் மெழுகு. துளி அந்த மேட்டு நுனிகளில் மட்டும் தொட்டு நிற்பதால் கிட்டத்தட்ட முழு உருண்டையாகிறது. இலைக்கும் துளிக்கும் நடுவிலுள்ள கோணம் 160 டிகிரி அளவில் இருக்கும். உருண்டு போகும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகும். கார்க் கோட்டிங்கோ வழுவழுப்பான படலம், கோணம் நூற்றுச் சொச்சம். துளி பாதி உருண்டையாக நிற்கிறது. செங்குத்தான கதவில் ஓடும், படுத்திருக்கும் பானெட்டிலும் கூரையிலும் அப்படியே உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்த துளியின்மேல் பதினொரு மணி வெயில் விழுகிறது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, குழாய் வாயிலெல்லாம் வெள்ளைப் பொருக்கு. அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் ஒவ்வொரு துளியிலும் இருக்கிறது. தண்ணீர் பரந்து காய்ந்தால் மெல்லிய சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், துடைத்தால் போய்விடும். முத்து முத்தாக நின்று காய்ந்தால், உப்பெல்லாம் அந்தந்த இடத்திலேயே திரண்டு வளையமாகப் படிகிறது. நான்காவது மாதமே என் பானெட்டில் வரிசை வரிசையாகப் புள்ளி, மார்கழிக் கோலத்துக்குக் கோடு இழுக்க வேண்டியதுதான் பாக்கி. கடைக்குப் போய்க் காட்டினேன். “போர் தண்ணில கழுவினீங்களா சார்? அதான்” என்றார்கள். பிறகு எதில் கழுவுவது, கேன் தண்ணீரிலா? மழையில் நனைந்து வெயிலில் காய்வதற்கு முன்னாலேயே துடைத்துவிட வேண்டுமாம். ஐந்து வருடம் மறந்துவிடச் சொன்னவர்கள், தூறல் போட்டால் துணியோடு கீழே ஓடச் சொல்கிறார்கள்.

அந்த ஐந்து வருட வாரண்டி அட்டையை அன்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே பணம் கட்டிப் ‘பராமரிப்பு’ செய்துகொள்ள வேண்டும், ஒன்று தவறினால் அட்டை செல்லாது. தண்ணீர்க் கறை, பறவை எச்சம், மரப்பால், கீறல், கல்லடி ஆகியவை வாரண்டியில் வராது. அத்தனையும் கழித்தபின் பெயின்டுக்கு வேறு என்னதான் ஆகிவிடும் என்று ஐந்து வருடம் காவல் இருக்கிறார்களோ தெரியவில்லை.

‘ஆனா ஷைனிங்கைப் பாருங்க’ என்பார்கள். பார்த்தேன், உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. கோட்டிங் பூசுமுன் ஒரு நாள் முழுக்க மெஷினில் கம்பவுண்டும் பாலிஷும் போட்டார்களே, அந்தப் பளபளப்பு அது. பாலிஷ் என்றால் கிளியர் கோட்டை மேலாகச் சில மைக்ரான் சீவி எடுப்பது. ஷோரூமிலிருந்து வந்து ஒன்பது நாளே ஆன காரைச் சீவி, சீவியதைவிட மெல்லிசாக ஒன்றைப் பூசி, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் கார் துடைக்கிற அண்ணன் காலையில் பதினோரு காருக்கு ஒரே வாளித் தண்ணீர், ஒரே பழைய பனியன் துணி. என் கார் பதினோராவது. அந்தத் துணியைப் பிழிந்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தபோதுதான் நறநறத்தது, கோட்டிங் போட்ட காரில் சுழல் சுழலாகக் கீறல் எப்படி வந்தது என்று புரிந்தது. இப்போது அவரிடம் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் கொடுத்திருக்கிறேன். “முதல்ல தண்ணிய ஊத்திட்டு அப்புறம் துணிய வைங்கண்ணே” என்று சொல்லியிருக்கிறேன். மொத்தச் செலவு அறுநூறு ரூபாய்.

வாட்ஸப் நண்பருக்கு: ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கட்டுமுன் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பி பிளாக், மூன்றாம் மாடி. மணல் பொட்டலம் பாதிக்குமேல் மீதி இருக்கிறது.