ஒளி மருந்து செய்கிறது. குறுக்கே நிற்பது யார்?

புதிய யந்திரம் ஒன்று வந்துவிட்டால் போதும், ஒரு கூட்டம் தம்பட்டம் அடிக்கக் கிளம்பிவிடுகிறது. "இனி மருந்து மலிந்துவிடும், ஏழையின் நோய் தானே தீர்ந்துவிடும், கோரிக்கை எதற்கு, போராட்டம் எதற்கு?" என்று நமக்கு உபதேசம் செய்கிறது. இந்த உபதேசத்தில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு? ஒரே ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு நிறுத்துப் பார்ப்போம்.

2012-ம் வருஷம், ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில், பீட்டர் ஸீபெர்கர், பிரான்ஸ்வா லெவேக் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள். பிரகாசமான விளக்கைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் சுற்றினார்கள். ஒரு முனையில் மூலப்பொருளையும் பிராணவாயுவையும் செலுத்தினார்கள். மறுமுனையில் ஆர்ட்டிமிசினின் வந்தது. இன்று மலேரியாக் காய்ச்சலுக்கு முதன்மையான மருந்து அதுதான். மூலப்பொருள் குழாயைக் கடக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

குழாய் எதற்கு? சாயத் தொட்டியில் வேலை செய்த தோழர்களுக்கு இது உடனே விளங்கும். தொட்டியின் மேல்மட்டத்தில்தான் வெளிச்சம்; ஒரு சாண் கீழே போனால் இருட்டு. ஒளியால் நடக்கவேண்டிய ரசாயன வேலை, பெரிய தொட்டியில் மேலே மட்டும் நடக்கும், அடியில் நடக்காது. மெல்லிய குழாயிலோ ஒவ்வொரு துளியும் ஒளியில் குளித்துக்கொண்டே போகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. பிராணவாயுவும் எரியக்கூடிய திரவமும் கலந்த பெருந்தொட்டி வெடித்தால் பட்டறையோடு தொழிலாளியும் போவான். குழாயில் எந்த நேரத்திலும் இருப்பது கொஞ்சம் சரக்குதான். ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைவுதான்.

மூலப்பொருள் எது? நம் ஊர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு, கழிவில் தங்கிவிடும் அமிலம். குப்பைக்குப் போவதை மருந்தாக்கும் வித்தை இது! நூறு பங்குக்கு 39 பங்குதான் முதலில் தேறியது. ஆனாலும் இது சாதனைதான், சந்தேகமில்லை.

இந்தக் கனவும் புதிதல்ல. இத்தாலிய விஞ்ஞானி ஜியாகோமோ சியாமிசியன் 1912-லேயே, நிலக்கரிப் புகை இல்லாமல் சூரிய ஒளியால் நடக்கும் ஆலைகள் வரும் என்று பேசினார். ஜப்பானின் டோரே கம்பெனி நைலான் நூலுக்கான மூலப்பொருளை 1960-களிலேயே விளக்கொளியால் தயாரித்தது. கூலிக்குப் பாடுபடும் நமக்கு ஒளி எதிரியல்ல, யந்திரமும் எதிரியல்ல.

அப்படியானால் தடை எங்கே? அதே இத்தாலியில் கரேஸியோ என்னும் ஊருக்குப் போவோம். அங்கே சனோபி கம்பெனி, சர்க்கரை தின்னும் ஈஸ்ட்டைக் கொண்டு அந்த அமிலத்தைத் தயாரித்து, பிறகு விளக்கொளியால் மருந்தாக்கும் ஆலையை நிறுவியது. குழாயில் அல்ல, பெரிய கலங்களில். அடிப்படை ஆராய்ச்சிக்கு, 2004-ல், தர்ம ஸ்தாபனப் பணம் 4 கோடியே 26 லட்சம் டாலர் கிடைத்திருந்தது. 2013-ல் உற்பத்தி தொடங்கியது. லாபமில்லாமல் நஷ்டமில்லாமல் விற்பதென்றால் கிலோ 350 டாலருக்குக் குறையாது என்றார்கள். செடியிலிருந்து எடுத்த மருந்தோ சந்தையில் 250 டாலருக்கும் கீழே விழுந்தது. 2015-ல் அந்த ஆலை ஒரு கிலோகூடச் செய்யவில்லை. 2016-ல் ஆலையே கைமாறியது. விளக்கு பழுதாகவில்லை, ஈஸ்ட் சாகவில்லை. விலை கட்டவில்லை, அவ்வளவுதான்!

"அப்படியானால் செடி வளர்த்த விவசாயி ஜெயித்தான்" என்பீர்களா? அதுவும் இல்லை. சீனா, வியத்நாம், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் சிறு விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். நட்டதிலிருந்து மருந்தாக வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். தட்டுப்பாட்டுச் செய்தி கேட்டு எல்லோரும் நடுகிறார்கள். அறுக்கும்போது விலை விழுகிறது. 2005 வாக்கில் கிலோ ஆயிரம் டாலரை எட்டிய சரக்கு, 2007-ல் 200 டாலரை ஒட்டி இறங்கியது. மனமுடைந்து பயிரை விட்டார்கள், மீண்டும் தட்டுப்பாடு. பருத்தியிலும் வெங்காயத்திலும் நாம் பார்த்த அதே கதை! ஆலையும் நின்றது, விவசாயியும் நொந்தான். நோயாளி? 2023-ல் மட்டும் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சிறு குழந்தைகள்.

இந்த மருந்து பிறந்த விதத்தை மறக்க முடியுமா? 1967-ல் சீன அரசாங்கம் பல ஆராய்ச்சி நிலையங்களை ஒரே வேலையில் இறக்கியது. பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டி, து யூயூ அம்மையாரின் குழு 1972-ல் மருந்தைப் பிரித்தெடுத்தது. அந்த நாளில் சீனாவில் பேடண்ட் சட்டமே கிடையாது. அது 1985-ல்தான் அமுலுக்கு வந்தது. விலை கட்டுமா என்று கேட்டுக்கொண்டு அவர்கள் வேலை தொடங்கவில்லை. நோய் தீர வேண்டும் என்று தொடங்கினார்கள். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாம் சொல்வது இதுதான். மலேரியா மருந்து ஊக வியாபாரச் சரக்காக இருக்கக்கூடாது. அரசாங்கங்களும் சர்வதேச நிதி ஸ்தாபனங்களும் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே, விவசாயிக்கும் ஆலைக்கும் கட்டுபடியாகும் நிலையான விலையில், தேவையான அளவை வாங்குவதாக உறுதி கூறவேண்டும். ஒளிக்குழாய் வித்தை யாருடைய பெட்டியிலும் பூட்டிக் கிடக்கக்கூடாது. மலேரியா உள்ள நாடுகளின் பொதுத்துறை ஆலைகளுக்கு அது கிடைக்கவேண்டும். செடியின் கழிவு கிடைக்கும் இடத்திலேயே குழாயை வைத்தால் செடியும் யந்திரமும் போட்டியாளர்கள் அல்ல, கூட்டாளிகள்.

சூரியன் யாரிடமும் வாடகை கேட்பதில்லை. அதன் ஒளியால் ஆன மருந்துக்கு மட்டும் சந்தை ஏன் சாவு விலை பேசவேண்டும்? தம்பட்டக்காரர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்!