இரண்டு தட்டும் ஒரு காதும்

டி.ஜே. என்று இரண்டே எழுத்தில் அழைக்கப்படும் வித்வான்களைப் பற்றி நம் நேயர்களில் பலர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் நாம் அறியாததல்ல. கலியாண வரவேற்புக்குப் போகிறோம். மேடையோரத்தில் ஒரு வாலிபர் காதில் பெரிய கருவியொன்றை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்று நாம் கேட்டால், "ஆமாம், மழை வரும் போலிருக்கிறது" என்று பதில் வருகிறது. யாரோ பாடியதையும் யாரோ வாசித்ததையும் பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டு, கைதட்டலை மட்டும் இவர் தட்டிக்கொண்டு போகிறார் என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மைதான். அந்தப் பாதியைத் தாண்டி மேலே போவது எப்படி என்பதே இவ்வாரத்து விஷயம். நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இத்தொழிலில் இறங்கி இரண்டு வருஷமாகிறது. "தாளம் சேர்க்கத் தெரிந்துவிட்டது, இனி என்ன கற்பது?" என்று அவர் நம்மைக் கேட்டிருக்கிறார். அவருடைய தகப்பனாரோ, "இனிமேலாவது வேறு வேலை பார்ப்பானா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, அடியோடு அடி பொருந்தும்படி நுழைப்பது இந்த வித்தையின் அரிச்சுவடி. நிமிஷத்துக்கு 120 அடி விழும் பாட்டோடு 121 அடி விழும் பாட்டைச் சேர்த்தால், அரை நிமிஷத்துக்குள் ஒன்றின் அடி மற்றொன்றின் இரண்டு அடிகளுக்கு நட்ட நடுவில் வந்து விழும். ஆடுகிறவர்களின் கால்கள் பின்னிக்கொள்ளும். டெக்னிக்ஸ் கம்பெனியார் 1979-ல் வெளியிட்ட சுழல்தட்டு யந்திரத்தில், வேகத்தை 8 சதவிகிதம் கூட்டவும் குறைக்கவும் ஒரு நகர்த்துகோல் இருந்தது. அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மாதக்கணக்கில் பழகித்தான் அக்காலத்தவர் தாளம் சேர்த்தார்கள். இன்று 'ஸிங்க்' என்ற பொத்தானைத் தொட்டால் யந்திரமே அந்தக் காரியத்தைச் செய்துவிடுகிறது. ஆயினும் மனிதர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய சினிமாப் பாட்டுகளில் வேகம் சற்றே ஏறும், இறங்கும். அங்கே யந்திரத்தின் கணக்கு தடுமாறும், காது தடுமாறாது. ஆதலால் பொத்தான் இருந்தாலும் காதால் சேர்க்கப் பழகுவது அவசியம் என்பது நமது கட்சி.

அடுத்த படி, எண்ணுவது. நடனத்துக்கென்று அமைந்த மேனாட்டுப் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு நான்கு அடியாக நடந்து, 32 அடிக்கு ஒரு முறை புது வாத்தியத்தையோ புதுப் பகுதியையோ கொண்டுவருகின்றன. ஆதி தாளத்தை நான்கு ஆவர்த்தனம் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அடி பொருந்தினாலும் இந்த வாக்கியம் பொருந்தாவிட்டால், ஒருவர் பேச்சை முடிக்குமுன் மற்றவர் குறுக்கே பேசுவது போலிருக்கும். முதல் பாட்டின் 32 முடிகிற இடத்தில் அடுத்த பாட்டின் 32 தொடங்க வேண்டும். நூறு பாட்டுகளை அரைகுறையாக வைத்திருப்பதைவிட, இருபது பாட்டுகளில் எங்கே எது வருகிறது என்று மனப்பாடமாக அறிந்திருப்பவர் இதில் முந்திக்கொள்வார்.

பிறகு சுருதி. இசைத்தட்டைச் சுமார் 6 சதவிகிதம் வேகமாகச் சுழற்றினால் பாட்டின் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் நிறுத்தும் வசதி இக்காலத்து யந்திரங்களில் உண்டு. ஆனால் சுருதி ஒவ்வாத இரண்டு பாட்டுகளை அந்த வசதி சமாதானம் செய்து வைக்காது. முதல் பாட்டின் பஞ்சமத்தையோ மத்தியமத்தையோ தன் ஆதார சட்ஜமாகக் கொண்ட பாட்டு அதற்குப் பின்னால் சுகமாக உட்காரும். இந்த உறவுகளை எண்களாக்கிக் கடிகார முகம் போன்ற சக்கரங்களில் எழுதியிருக்கிறார்கள். சக்கரம் சௌகரியந்தான், ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகிவிடும். (கீழ்ஸ்தாயி ஒலிகளையும் கவனிக்க வேண்டும். இரண்டு பாட்டின் அடிநாதமும் ஒரே சமயத்தில் முழங்கினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஒன்றை ஏற்றும்போது மற்றதை இறக்கிவிடுவது முறை.)

இவ்வளவும் கைக்கு வந்த பின்னரும் ஒன்று பாக்கியிருக்கிறது. அதைச் சொல்ல நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். 1973 ஆகஸ்டு 11-ந் தேதி, ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர், தம் சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டுப் போட்டார். வாய்ப்பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் முழங்கும் சில விநாடிகளுக்காகவே ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்த விநாடிகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு நிமிஷங்களாக நீட்டினார். ஹிப்-ஹாப் என்னும் இசை அங்கிருந்து கிளைத்தது. முதலில் நடந்தது கைவேலையல்ல, கவனிப்பு என்பதை நேயர்கள் நோக்க வேண்டும்.

ஹெர்க் செய்ததைத் துல்லியமாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ். தட்டின் மேல் மெழுகுக்கோலால் குறியிட்டு, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்பினால் அதே இடம் வரும் என்று கணக்கிட்டு, அடி பிசகாமல் ஒட்டினார். அந்த அற்புதத்தை முதன்முதலில் அரங்கேற்றியபோது என்ன நடந்தது? கூட்டம் ஆடவில்லை, அசையாமல் நின்று பார்த்தது. இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் வித்தையைக் கைவிடவில்லை. கூட்டத்தோடு பேசிச் சிரித்து உற்சாகமூட்ட ஒலிபெருக்கி முன் ஆட்களை நிறுத்திக்கொண்டார்.

அதே நகரில் டேவிட் மான்குசோ என்பவர் 1970 முதல் தம் வீட்டிலேயே நண்பர்களுக்கு நடன விருந்து நடத்தினார். பாட்டுகளைக் கலக்கும் கருவியையே பின்னாளில் விலக்கிவிட்டு, ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை முழுமையாக ஒலிக்கவிட்டார். தாளம் சேர்க்காத அந்த மனிதரைத்தான் இத்தொழிலார் பெரிய ஆசான்களில் ஒருவராகக் கொண்டாடுகிறார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த நாழிகையில், எந்த மனிதர்களுக்கு என்பதில் இருந்தது அவருடைய திறமை. ஆகவே நம் மாணவர் பெட்டியைப் பார்த்துக் குனிந்திருக்கும் நேரத்தைக் குறைத்து, நிமிர்ந்து ஜனங்களின் கால்களைப் பார்க்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். பாட்டிமார்கள் எழுந்து போகும் பாட்டு எது, குழந்தைகள் ஓடி வரும் பாட்டு எது என்பதை எந்தச் சக்கரமும் சொல்லாது.

தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. அவர் கவலைப்பட வேண்டியது பையனின் உத்தியோகத்தைப் பற்றியல்ல, அவனுடைய காதைப் பற்றி. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபல் என்றால் கால் மணிதான். ஒலிபெருக்கிகளின் பக்கத்தில் இரவெல்லாம் நிற்கிறவர் காதடைப்பான் இல்லாமல் நிற்பது, வீணைக்காரர் விரலை நெருப்பில் நீட்டுவதற்குச் சமானம். கெட்டுப்போன செவிப்புலன் திரும்பி வராது. முதல் வருமானத்தில் வாங்க வேண்டியது விளக்கு மின்னும் புதுப் பெட்டியல்ல, நல்ல காதடைப்பான்.

கடைசியாக, ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்றிரவே கேட்டால் எல்லாம் பிரமாதமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, கையில் பென்ஸிலோடு கேட்க வேண்டும். தம்முடைய கவனமே எங்கே கலைந்து வேறு யோசனைக்குப் போகிறதோ, அந்த நிமிஷத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அனேகமாக அதே நிமிஷத்தில்தான் முந்தின இரவு கூட்டம் ஐஸ்கிரீம் இருக்கும் பக்கமாக நகர்ந்திருக்கும்.