கடைவீதிப் புகையை அளப்பது யார்?

அரியலூர் என்றதும் எல்லோரும் சிமெண்டுத் தூசியைப் பற்றித்தான் பேசுவர். ஆலைப் புகைபோக்கியை அளக்க விதியும் உண்டு, கருவியும் உண்டு. ஆனால் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் பெரம்பலூர்க் கடைவீதியில் வரிசையாக உறுமும் சிறிய டீசல் ஜெனரேட்டர்களை அளப்பவர் யார்? தோழியரே, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். பக்கத்திலேயே நாள் முழுதும் அமர்ந்து பூக்கட்டும் அம்மாளால் அது முடியுமா?

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டிலேயே உறுதி செய்துவிட்டது. நம் நாட்டிலும் 2023 ஜூலை முதல் புதிய ஜெனரேட்டர்களுக்கு விதிகள் கடுமையாகியுள்ளன. புதியவற்றுக்குத்தான்! தேய்ந்த எஞ்சின் தெருவில் என்ன கக்குகிறது என்பதைச் சோதனைக்கூடச் சான்றிதழ் சொல்லாது.

புகைக்குழாய்க்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கு வைத்திருக்கிறது. கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் அளவுக்கு, குழாய் கட்டடத்துக்கு மேலே உயர வேண்டும். 25 கே.வி.ஏ. என்றால் 1 மீட்டர். நமக்கு இது அரை நிமிடக் கணக்கு. கடைவீதியிலோ பல குழாய்கள் நம் முழங்கால் உயரத்தில்!

கரும்புகை கண்ணுக்குத் தெரியும். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள் தெரியாது. 1 கன மீட்டர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, 60 மைக்ரோகிராம் என்பதே அதற்கு 2009-இல் நம் நாடு வகுத்த வரம்பு. பள்ளித் தராசுக்கு எட்டாத எடை அது. ஆகவே வாரியத்தார் கையடக்கக் கருவியுடன் கடைவீதிக்கே வரவேண்டும் எனக் கேட்கிறோம். மின்தடை நாளில் ஓர் அளவு. முதல் நாள் அதே நேரத்தில், அதே இடத்தில், இன்னோர் அளவு. குறித்துக்கொள்ள எங்கள் விஞ்ஞான மன்றம் தயார்.